ஜாங்கிரியை விட்டுவிட்டு வந்தவர்

ஜீவானந்தம் மூன்று வாரமாகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முழுதாக உட்காரவில்லை. நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிடுவார். போன் அடித்தால் கையைக் கழுவாமலே எடுப்பார். அடிக்காவிட்டால், அடித்ததோ என்று எடுத்துப் பார்ப்பார். பிறகு பைக் சாவியைத் தேடுவார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று அவர் மனைவி தபீதாள் கேட்பாள்.

"இதோ, வந்துடறேன்."

எங்கே என்று அவருக்கே தெரியாது. முடிச்சூரிலிருந்து கிளம்பி, பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசல், தாம்பரம் மார்க்கெட் சந்துகள், வண்டலூர் பக்கம் என்று சுற்றிவிட்டு, பெட்ரோல் தீர்ந்தால் போட்டுக்கொண்டு திரும்புவார். அவர் தேடியது எட்டு வயது ஆன ஒரு பெட்டை நாயை. செம்மஞ்சள் நிறம், வலது காது மட்டும் மடிந்திருக்கும், கழுத்தில் நீலப் பட்டை. பெயர் ஜாங்கிரி.

அந்தப் பெயரை வைத்தது மகள் ஜீவிதா. கல்லூரியில் படிக்கும்போது, ஒரு மழை நாளில் பெருங்களத்தூர் ஸ்டேஷன் வண்டி நிறுத்துமிடத்தில் கிடந்த குட்டியைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். "ஒரு வாரந்தாம்ப்பா" என்றாள். ஜீவிதா இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் போனபின் அந்த நாய் முழுக்க ஜீவானந்தத்தின் நாயாகிவிட்டது. தெருமுனையில் அவருடைய பைக் திரும்பும்போதே எழுந்து கேட்டுக்கு வந்துவிடும். அதே மாடல் பைக் அந்தத் தெருவில் வேறு இரண்டு பேரிடம் இருந்தது. அவற்றுக்கு அது தலையைக்கூடத் தூக்காது.

ஜீவானந்தம் லிப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஏதாவது தொழிற்சாலையின் சரக்கு லிப்ட், மறுநாள் நாவலூரில் பதினான்கு மாடிக் குடியிருப்பு என்று இருபத்தேழு வருடமாக ஓடிக்கொண்டிருப்பவர். நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மூடிய கதவுக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வார். "பேர் என்னம்மா? மேல ஃபேன் ஓடுது பாரு, காத்து வரும், இதோ அஞ்சு நிமிஷம்" என்று அவர் பேசுகிற நிதானத்திலேயே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி நடுக்கம் போய்விடும். அப்படிப்பட்ட மனிதருடைய நிதானத்தை அந்த டிசம்பர் மழை வாரிக்கொண்டு போனது.

இரண்டு நாள் விடாத மழை. ஆறும் ஏரியும் ஒன்றாகி, விடிகிற நேரத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. எட்டு மணிக்கெல்லாம் இடுப்பளவு. கணவனும் மனைவியும் நாயோடு மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தார்கள். தபீதாளுக்குச் சர்க்கரை. இன்சுலின் வைத்திருந்த ஃபிரிட்ஜ் சமையலறையில் குப்புற மிதந்தது. ஊசி போடாமல் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டதால், மறுநாள் காலை அவளுக்கு நாக்கு உலர்ந்து பேச்சே சரியாக வரவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு ஃபைபர் படகு வந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து உதவிக்கு வந்த மீனவர்கள். படகில் ஏற்கெனவே பதினொரு பேர், அதில் ஒரு கர்ப்பிணிப் பெண், இரண்டு குழந்தைகள்.

"அண்ணே, நாய் வேணாண்ணே. அது ஆட்டம் குடுத்துச்சுன்னா போட்டு கவுந்துடும். நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. அடுத்த ட்ரிப்ல வந்து அத ஏத்திக்கிறோம்" என்றார் படகை ஓட்டியவர்.

தபீதாள் கணவனைப் பார்த்தாள். "நீங்க இதோட இருங்க. நான் மட்டும் போறேன். கரையில இறங்கி அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

ஜீவானந்தம் கீழே பார்த்தார். பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. ஒரு கேஸ் சிலிண்டர் உருண்டபடி மிதந்து போனது. எதிர்வீட்டுச் சுற்றுச்சுவர் அன்று விடியலில்தான் பெரும் சத்தத்தோடு விழுந்திருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. பக்கத்து வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த ஸ்டெபினை ஒரு குரல் கூப்பிட்டுப் பார்த்தார். உணவு டெலிவரி செய்கிறவன் அவன். அவனுடைய வண்டி வாசலில் இல்லை. அதனால் அவனும் இல்லை என்று நினைத்தார்.

பிறகு நைலான் கயிற்றில் ஜாங்கிரியைத் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கட்டினார். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்து வைத்தார். ஒரு பேசினில் தண்ணீர் வைத்தார். "ரெண்டு மணி நேரம். வந்துடறேன்" என்று அதன் தலையில் கை வைத்துச் சொன்னார். படகில் ஏறினார்.

படகு தெருமுனை திரும்பும் வரை ஜாங்கிரி சத்தமே போடவில்லை. திரும்பியபின் குரைக்க ஆரம்பித்தது.

பைபாஸ் சாலை மேட்டில் அவர்களை இறக்கிவிட்ட படகு, அங்கிருந்தே வேறு ஏதோ பகுதிக்குப் போய்விட்டது. குழந்தைகள் மாட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்ததாம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. தபீதாளைச் சேலையூரில் அவளுடைய அக்கா வீட்டில் விட்டு, இன்சுலின் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜீவானந்தம் அன்றே திரும்பி வந்தார். இருட்டும் வரை மேட்டில் நின்று வருகிற படகையெல்லாம் கெஞ்சினார். மறுநாளும் கெஞ்சினார். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் கழியை ஊன்றிக்கொண்டு நடந்தே போனார்.

மாடியில் பேசின் கவிழ்ந்து கிடந்தது. கயிறு குழாயில் தொங்கியது. நாய் கடித்து அறுத்திருந்தால் நுனி பிய்ந்திருக்கும். பிய்யவில்லை. கழுத்துப் பக்கம் அவர் போட்ட முடிச்சை யாரோ கையால் அவிழ்த்திருந்தார்கள்.

அங்கே ஆரம்பித்தது அந்தக் கோபம்.

யார் அவிழ்த்தது? ஆளில்லாத வீடுகளில் திருட வந்தவனா? நாயை மீட்கிறேன் என்று வந்தவர்கள் யாராவதா? எதற்கு அவிழ்த்தான்? அப்படியே விட்டிருந்தால் மூன்று நாள் பட்டினியோடு போயிருக்கும், உயிரோடு இருந்திருக்கும். தண்ணீர் மொட்டை மாடிக்கு வரவே இல்லையே! இந்தக் கணக்கையே அவர் திரும்பத் திரும்பப் போட்டார். வீட்டில் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு கிடந்தது. தபீதாள் சேலையூரிலிருந்து வந்து, பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மண்வெட்டியால் அதை வழித்தாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் நோட்டுகள் ஒரு மூட்டை ஊறிப்போயிருந்தன. அவர் அந்த வேலைகளில் கை வைக்கவில்லை. மூழ்கிப்போன பைக்கை மட்டும் சரிசெய்து ஓட வைத்துவிட்டு, போஸ்டர் அடித்தார்.

ஜீவிதா அனுப்பிய போட்டோவைப் போட்டு இருநூறு தாள். தாம்பரம் சுரங்கப்பாதைச் சுவரில் ஆரம்பித்து குன்றத்தூர் வரைக்கும் ஒட்டினார். போன்கள் வந்தன. "சார், உங்க நாயாட்டம் ஒண்ணு இங்க கீது" என்று ஒருவர் சொன்னால், தொழிற்சாலை லிப்டின் மேல் ஏறி நின்று கேபிளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாலும் இறங்கிப் போனார். குன்றத்தூர் மலைப் படிக்கட்டு அடியில் பூக்கடை ஓரம் ஒரு செம்மஞ்சள் முதுகைப் பார்த்தார். "ஜாங்கு!" என்று அவர் கத்திய கத்தலில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். நாய் திரும்பிப் பார்த்தது. வேறு முகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை மண்டபத்தில் அரிசியும் போர்வையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சபையில் பொறுப்பில் இருந்த டெனிஸ் அவருடைய தோளைத் தொட்டு, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "வீடு போனவங்க இருக்காங்க, வண்டி போனவங்க இருக்காங்க. கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் பத்திரமா வச்சிருக்காரு. ஒரு நாய்க்காக இவ்வளவு மனசு உடையலாமா பிரதர்?"

"உங்க வீட்ல யாராவது தண்ணியில போயிருந்தா இத நான் உங்ககிட்ட சொல்லலாமா பிரதர்?"

ஜீவானந்தம் கையில் கொடுத்த போர்வையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து பைக்கை உதைத்தார். தபீதாள் பின்னால் ஓடி வந்து ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அடுத்தது வேலையில் வெடித்தது. நாவலூரில் அவர் மாதாமாதம் பராமரிக்கும் ஒரு குடியிருப்பு. சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன், ஓய்வு பெற்ற அதிகாரி, மரியாதையான மனிதர். ஒரு ஸ்டீல் போர்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஜீவானந்தம், இத ரெண்டு லிப்ட்லயும் ஸ்க்ரூ பண்ணிடுங்கோ. மீட்டிங்ல பாஸ் ஆயிடுத்து."

செல்லப் பிராணிகளை லிப்டில் ஏற்றக் கூடாது என்று எழுதியிருந்தது.

"பன்னெண்டாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்களே சார், வயசான நாய் வச்சிருக்காங்க. அது எப்படி எறங்கும்?"

"படிக்கட்டு இருக்கோல்லியோ."

"அதுக்குக் காலே வராது சார். நான் பாத்திருக்கேன்."

"அது அவா பாடு. குழந்தைகள் பயப்படறதுகள். நீங்க போர்டை மட்டும் மாட்டுங்கோ, ப்ளீஸ்."

"போட்ல ஏத்தாதீங்க, லிப்ட்ல ஏத்தாதீங்க. அப்ப அதுங்க எதுலதான் சார் ஏறும்?" குரல் உயர்ந்துகொண்டே போனது. கையிலிருந்த போர்டைத் தரையில் எறிந்தார். கிரானைட் தரையில் விழுந்த சத்தத்தில் லாபியில் இருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கஸ்தூரிரங்கன் பயந்து இரண்டடி பின்னால் போனார். எதற்கு இந்த மனிதர் படகைப் பற்றிப் பேசுகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று மாலையே கம்பெனி மேனேஜர், "ஒரு வாரம் வீட்ல இருங்க ஜீவா, அந்த சைட்டுக்கு வேற ஆள் போகட்டும்" என்றார்.

வீட்டில் இருப்பதுதான் அவரால் முடியாத காரியம். அந்த வாரம் காலையிலிருந்து இருட்டும் வரை தெருவில் நடந்தார்.

நான்காவது வாரம் ஸ்டெபின் வந்து சேர்ந்தான். வெள்ளம் வடிந்ததும் சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் அவனுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கைலியோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றவனிடம் ஜீவானந்தம் போஸ்டரை நீட்டி, எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டார்.

"எங்க நாய பாத்தியாப்பா?"

ஸ்டெபின் போஸ்டரைப் பார்த்தான். முகம் மாறியது. "அங்கிள், அத நாந்தான் அவுத்து விட்டேன். அது..."

அவன் முடிக்கவில்லை. கன்னத்தில் அறை விழுந்தது. இன்னொன்றுக்குக் கை ஓங்கியபோது தபீதாள் வந்து நடுவில் நின்றாள். ஸ்டெபின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினான்.

"அவன் கால பாத்தீங்களா?" என்றாள் தபீதாள்.

"எனக்கு எதுக்கு அவன் காலு?"

"முட்டி வரைக்கும் கட்டு போட்டிருக்கு. என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கலாம். கேக்கறதுக்கு முன்னாடியே அடிச்சிட்டீங்க."

அதற்கும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் அன்று கோபம் வண்டியில் கூடவே வரவில்லை. யார் என்று தெரியாதவரைக்கும் அதற்கு ஒரு பலம் இருந்தது. இப்போது ஸ்டெபின் என்ற பெயர் வந்தபிறகு, அவன் படி ஏறிய விதம்தான் கண்ணில் நின்றது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு போன். பெண் குரல்.

"சார், எம்பேரு கங்கம்மா. குப்ப வண்டில வேல செய்யறேன். போஸ்டர்ல கீதே, அந்த நாயி... நீல கலர் பெல்ட்டா?"

"ஆமாம்மா."

"காது ஒண்ணு மடங்கிகினு?"

"ஆமாம்மா, ஆமா. எங்க இருக்கு?"

"நேர்ல வா சார். போன்ல இன்னாத்த சொல்றது?"

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வண்டியை வேகமாகத்தான் ஓட்டினார்.

கங்கம்மா பைபாஸ் சாலையின் சர்வீஸ் ரோட்டில் பச்சைக் கோட்டோடு நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுப் பேசினாள்.

"தண்ணி வடிஞ்ச மறுநாளு எங்கள இங்க வுட்டாங்க சார். மாடு, ஆடு, நாயி, எல்லாம் கெடந்துச்சு. ப்ளீச்சிங் பவுடர் போட்டு வண்டில ஏத்துன்னாங்க. இத பாத்தேன். கழுத்துல பெல்ட்டு கீது. யார் வூட்லயோ வளந்த புள்ளன்னு மன்சு கேக்கல. வண்டில போடாம நானே தோண்டிப் பொதச்சேன். இங்கதான்." நடந்துகொண்டே காட்டினாள். "இல்ல, கொஞ்சம் அந்தாண்ட. அப்ப இந்த லோடு மண்ணு இல்ல."

அந்த இடத்தில் இப்போது யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டியிருந்தார்கள். செங்கல், டைல்ஸ் உடைசல், ஒரு உடைந்த வாஷ்பேசின்.

ஜீவானந்தம் அந்தக் குவியலைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்தார். அவரையும் தபீதாளையும் படகு இறக்கிவிட்ட இடம் அது. நாய் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், படகு போன வழியே வந்திருக்கிறது. நீந்தி வந்து, ஏற முடியாமல், மேட்டின் அடியில் நின்றுபோயிருக்கிறது.

"ஒக்காரு சார்" என்றாள் கங்கம்மா. ஜீவானந்தம் உட்காரவில்லை. குனிந்து இடிபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிய ஆரம்பித்தார். செங்கல்லை எறிந்தார், டைல்ஸை எறிந்தார். கை கிழிந்து ரத்தம் வந்தது. கங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு மண்வாரியைக் கொண்டுவந்து தானும் வார ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு மண் தெரிந்தது. எந்த இடம் என்று சரியாக அவளாலும் சொல்ல முடியவில்லை. போகும்போது, "பல்லு கில்லு எதுவும் காட்டல சார். தூங்கினாப்லதான் இருந்துச்சு" என்றாள். அது உண்மையா என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தபீதாள் வெயிலில் நோட்டுகளைத் தாள் தாளாகப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். அவருடைய கையைப் பார்த்தாள்.

"கெடச்சிடுச்சா?"

"பைபாஸ் மேட்டுக்குக் கீழ. நாம எறங்கின எடம்."

அவள் தாளைக் கீழே வைத்தாள். ஜீவானந்தம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினார். இத்தனை நாள் பேசாததெல்லாம் வந்தது. "நீ சொன்ன தபி. நீங்க இருங்க, நான் போறேன்னு சொன்ன. எனக்கு நல்லா கேட்டுச்சு. உனக்கு இன்சுலின் வேணும், நான் கூட இருக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அது இல்ல. எனக்கு பயம். அந்த சுவரு விழுந்த சத்தத்துல கால் ரெண்டும் போச்சு. அந்த மாடியில இன்னொரு நேரம் என்னால இருக்க முடியாது. அதனால ஏறினேன்."

தபீதாள் எழுந்து வந்தாள். பிறகு சொன்னாள்: "நான் சொன்னது நிஜந்தான். ஆனா நீங்க ஏறினப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நாய் கத்தறது கேக்குது, அப்பவும் உங்க கையப் புடிச்சிட்டு, ஏறிட்டாரேன்னு நிம்மதியா இருந்தேன். அத நான் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க ராத்திரி பகலா அதத் தேடிட்டிருக்கீங்க."

அவர் நடையை நிறுத்தினார். அழுதது முதலில் அவள்தான்.

அன்று மாலையே ஜீவானந்தம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"நாந்தாம்ப்பா. ஜீவா."

கதவு திறக்கவில்லை. மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று பேசியே காலம் தள்ளியவருக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. மாடிச் சுவர் ஓரம் போய் நின்றார். அவருடைய மொட்டை மாடிக்கும் இந்த மாடிக்கும் நடுவே நாலடி இடைவெளி. கீழே சிமெண்ட் தரை. திரும்பி வந்து, "அடிச்சது தப்பு. அத சொல்லத்தான் வந்தேன்" என்றார் கதவிடம்.

சிறிது நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

ஸ்டெபின் பாயில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னான். வெள்ளத்துக்கு முந்தின நாள் வண்டியைக் காப்பாற்ற மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நனைந்து வந்து, காய்ச்சலில் படுத்துவிட்டான். அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. விழிப்பு வந்தது நாயின் சத்தத்தில். குரைக்கிற சத்தமாக அது இல்லை, மூச்சு திணறுகிற சத்தம்.

"கயிறு குழாயச் சுத்திச் சுத்தி கழுத்துல இறுகிடுச்சு அங்கிள். நாக்கு வெளிய வந்துடுச்சு. நான் இங்கேர்ந்து தாண்டித்தான் உங்க மாடிக்கு வந்தேன். அவுக்கலேன்னா அப்பவே போயிருக்கும்."

ஜீவானந்தம் அந்த நாலடி இடைவெளியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். காய்ச்சலில், மழையில், அதைத் தாண்டியிருக்கிறான். திரும்பி வரும்போது நாயையும் தோளில் போட்டுக்கொண்டு.

"ரெண்டு நாள் என்கூடத்தான் இருந்துச்சு. ப்ரெட் குடுத்தேன். என் முன்னாடி சாப்பிடாது, நான் திரும்பிப் படுத்தா சாப்பிடும். அந்த சுவரு மேல கால வச்சு தெருமுனையவே பாத்துட்டிருக்கும். மூணாவது நாள் இருட்டற நேரம், அப்பவும் நெஞ்சளவு தண்ணி. குடிக்கத் தண்ணி கேன் தேடி எறங்கினேன். கதவு சாத்தினேனா இல்லையான்னு இன்னிக்கும் தெரியல அங்கிள். பின்னாடியே வந்து குதிச்சிடுச்சு. நானும் நீந்திப் போனேன். அந்த விழுந்த சுவருல கம்பி இருந்திருக்கு, கால்ல ஏறிடுச்சு. போனும் அங்கயே போச்சு. அன்னிக்கு ராத்திரியே போட்ல வந்தவங்க ஜி.எச்.ல சேத்துட்டாங்க."

"கூப்பிட்டியா அத?"

"பேர் தெரியுமே, ஜீவிதா அக்கா கூப்பிடுவாங்களே. ஜாங்கு ஜாங்குன்னு கத்தினேன். ஒருவாட்டி திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டுப் போயிடுச்சு."

ஜீவானந்தம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "கட்டு யாரு மாத்தறாங்க?" என்று கேட்டார்.

"ஜி.எச். போகணும். ஒருநாள் விட்டு ஒருநாள். ஆட்டோலதான்."

"நாளைக்கு எட்டு மணிக்கு ரெடியா இரு."

அதற்கடுத்த ஒன்றரை மாதம் அவருடைய பைக்கின் பின்னால் ஸ்டெபின் உட்கார்ந்து போனான். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் மட்டும் சிக்னலில் நிற்கும்போது, "அன்னிக்கு ரொம்ப வலிச்சுச்சு அங்கிள்" என்றான். "தெரியும்" என்றார் ஜீவானந்தம். பச்சை விழுந்தது.

கம்பெனியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கஸ்தூரிரங்கனிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். போர்டை மாட்டியது வேறொருவர். ஜீவிதா லீவில் வந்தபோது, "ஒரு குட்டி எடுத்துட்டு வரட்டாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வேணாம்மா" என்றார். அவளும் விட்டுவிட்டாள். தூக்கம் அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. அதிகாலையில் எழுந்து ஏரிக்கரைக்கு நடப்பார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்.

ஆகஸ்டில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, ஆட்டோவில் நாலு நீல டிரம்மும் இரும்பு ஆங்கிள்களும் கொண்டுவந்து இறக்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் வாசலில் வெட்டினார், துளை போட்டார், போல்ட் முடுக்கினார். ஸ்டெபின் வந்து ஸ்பேனர் பிடித்தான்.

"என்ன அங்கிள் இது?"

"தெப்பம். எட்டுக்கு ஆறு. நாப்பது கிலோ நாய் ஆறு ஏத்தலாம்."

"நாப்பது கிலோ நாய் நம்ம தெருவுல எங்க இருக்கு?"

"ஆடு இருக்குல்ல?"

ஏரியில் விட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் சாய்ந்து இருவரையும் தள்ளிவிட்டது. இடுப்பளவு ஆழம்தான். ஆனாலும் ஜீவானந்தம் அலறிய அலறலில் கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெபின் அவருடைய சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "முதல்ல நீங்க நீச்சல் கத்துக்கணும் அங்கிள்" என்றான். அதையும் செய்தார். ஐம்பத்து மூன்று வயதில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, கட்டணக் குளம் ஒன்றில் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்தார். தபீதாள் பார்க்க வரவில்லை. டவல் மட்டும் கொடுத்தனுப்பினாள்.

நவம்பரில் ஒரு பிற்பகல், வானம் கறுத்து மூன்று மணி நேரம் கொட்டியது. பெரிய வெள்ளம் இல்லை. அவர்கள் தெருவில் கணுக்கால் அளவு. ஆனால் தாழ்வான பின் தெருவில் தொடை வரைக்கும் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. ஜீவானந்தமும் ஸ்டெபினும் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பின் தெருவில் தையல் வேலை செய்யும் புஷ்பம் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு ஆடுகளைத் தெப்பத்தில் ஏற்றிக் கட்டினார்கள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு நாயும் அதன் மூன்று குட்டிகளும் வந்தன. பிறகு புஷ்பம் உள்ளே ஓடிப்போய் ஒரு கூடையோடு வந்தாள்.

"அண்ணா, பூனையையும் ஏத்துவீங்களா? இல்ல அது மட்டும் வேணாமா?"

"குடும்மா, குடு" என்று கையை நீட்டினார். கூடை மூடி திறந்துகொண்டு, பூனை அவருடைய முன்கையில் நாலு கோடு கிழித்து, தோளில் ஏறி நின்று கத்தியது. ஆடுகள் மிரண்டன. தெப்பம் ஆடியது. மழை வேறு முகத்தில் அறைந்தது.

"பேஜார் புடிச்ச பூனை!" என்று கத்தினார் ஜீவானந்தம். "ஸ்டெபினு, அந்தப் பக்கம் புடிடா! சாயுது பாரு, புடி! ஒண்ணையும் விட்டுடாத!"

"புடிச்சிட்டேன் அங்கிள், நீங்க தள்ளுங்க."

அவர் குனிந்து இரண்டு கைகளாலும் தள்ளினார். பூனை தோளை விட்டு இறங்கவே இல்லை.